கட்டிலருகே கேட்கப்படாத கேள்வி

கடவுள்மேல் ஆழ்ந்த பற்றுள்ளவர்கள் சாவை எளிதாக ஏற்றுக்கொள்வார்கள் என்பது பொதுவான எண்ணம். 'அவன் கூப்பிட்டா போகவேண்டியதுதான்' என்று சொல்லும் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் சந்தேகமே எழாது. 2009இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொன்னது. முற்றிய புற்றுநோயோடு இருந்த 345 பேரை, அவர்கள் இறக்கும்வரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். நோயின் துன்பத்தைத் தாங்க இறைநம்பிக்கையையே பெரிதும் பற்றிக்கொண்டவர்களில் 13.6 விழுக்காட்டினர், வாழ்வின் கடைசி வாரத்தில் உயிரை நீட்டிக்கும் தீவிர சிகிச்சையில் இருந்தார்கள். அப்படிப் பற்றிக்கொள்ளாதவர்களில் அது 4.2 விழுக்காடு மட்டுமே. வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்களின் கணக்கும் இதே கதையைத்தான் சொன்னது: 11.3 விழுக்காடு, 3.6 விழுக்காடு.

பக்தி மிகுந்தவர்களே கருவிகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏன்?

அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால் காரணங்கள் புலப்படும். உயிர் கடவுள் தந்தது, அதை நிறுத்தும் முடிவை மனிதன் எடுக்கலாமா என்ற தயக்கம் ஒன்று. அதிசயம் நிகழ்வதற்கு அவகாசம் கொடுக்கவேண்டும் என்ற நினைப்பு இன்னொன்று. மருத்துவரே கடவுளின் கருவி, அவர் கையில் இருப்பதையெல்லாம் செய்யட்டும் என்று எண்ணுபவர்களும் உண்டு. 'சிகிச்சை போதும்' என்று சொல்வது தங்கள் நம்பிக்கையைத் தாங்களே கைவிடுவதாகும் என்று அஞ்சுகிற குடும்பங்களை எந்த ஊர் ஐ.சி.யூ. வாசலிலும் பார்க்கலாம். இந்தக் காரணங்களில் ஒன்றுகூட ரத்தப் பரிசோதனையில் தெரியாது, ஸ்கேனில் விழாது. ஆனாலும் ஒருவர் எங்கே, எப்படி, எத்தனை குழாய்களோடு இறக்கிறார் என்பதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. மருத்துவம் இவற்றைத் தன் வேலைக்கு வெளியே தள்ளிவைப்பது அறிவியலுக்கே பொருந்தாத செயல்.

முழு வலி

இதை முதலில் மருத்துவத்தின் மொழியில் பேசியவர் சிசிலி சாண்டர்ஸ். 1918இல் இங்கிலாந்தில் பிறந்தவர். செவிலியராகப் பயிற்சி பெற்று, முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். லண்டனில் அவர் பார்த்துக்கொண்ட நோயாளிகளில் ஒருவர் டேவிட் டாஸ்மா. வார்சாவிலிருந்து வந்த யூத அகதி, ஓட்டலில் பரிமாறும் வேலை செய்தவர், வயது நாற்பது. புற்றுநோய் முற்றிய நிலையில், அந்த நகரத்தில் சொந்தம் என்று சொல்ல ஆளில்லாமல் கிடந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லுங்களேன் என்று அவர் கேட்டபோது, சிசிலி தமக்கு மனப்பாடமாக இருந்த பைபிள் சங்கீதங்களைச் சொன்னார். வேண்டுமானால் புத்தகத்தைப் பார்த்து மேலும் வாசிக்கட்டுமா என்றதற்கு டாஸ்மா மறுத்துவிட்டார். சிசிலியின் மனத்திலும் நெஞ்சிலும் இருப்பதே தமக்குப் போதும் என்றார்.

1948இல் டாஸ்மா இறந்தார். தம்மிடமிருந்த 500 பவுண்டை, சிசிலி கட்டப்போவதாகக் கனவு கண்ட இல்லத்தில் ஒரு சன்னலாகத் தாம் இருக்கவேண்டும் என்று சொல்லி எழுதிவைத்திருந்தார். அந்தச் சன்னலைச் சுற்றிக் கட்டடம் எழும்ப 19 ஆண்டுகள் ஆயின. இடையில் சிசிலி மருத்துவம் படித்து 1957இல் தேறினார். கன்னியர்கள் நடத்திய புனித யோசேப்பு இல்லத்தில் வேலை பார்த்தார். வலி வந்தபின் கெஞ்சிக் கேட்டு மருந்து வாங்கும் வழக்கத்தை மாற்றி, வலி திரும்புவதற்கு முன்பே நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுக்கும் முறையை அங்கே நிலைநாட்டினார். 1967இல் தெற்கு லண்டனின் சிட்னம் பகுதியில், இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் இல்லமான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. நவீன ஆதரவுச் சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர், அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது.

அவர் விட்டுச்சென்ற கருத்துகளில் பெரியது 'முழு வலி'. வலி எப்படி இருக்கிறது என்று அவர் ஒரு நோயாளியிடம் கேட்டார். முதுகில் தொடங்கியது, இப்போது என் உடம்பு முழுக்கவே கோளாறாகிவிட்டதுபோல் இருக்கிறது என்று தொடங்கினார் அந்தப் பெண். தன்னைப் பார்த்துக்கொள்ளக் கணவனும் மகனும் வேலைக்குப் போகாமல் வருமானத்தை இழக்கவேண்டியிருந்திருக்கும் என்றார். மாத்திரைக்காக அழுதிருப்பேன், அழக்கூடாது என்றும் தெரியும் என்றார். யாருமே என்னைப் புரிந்துகொள்ளவில்லை, உலகமே எதிராக நிற்பதுபோல் இருந்தது, இப்போதுதான் மீண்டும் பத்திரமாக உணரத் தொடங்கியிருக்கிறேன் என்று முடித்தார். கேட்டது ஒரே கேள்வி. வந்த பதிலில் உடல்வலி, மனவலி, குடும்பத்தின் பணக்கவலை, பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்ற ஆன்மிகத் தவிப்பு நான்கும் இருந்தன. 1960களில் சாண்டர்ஸ் எழுதிய கட்டுரைகளில் இந்த நான்கும் சேர்ந்த ஒன்றாக வலி விவரிக்கப்பட்டது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறையிலும், உடல் துன்பத்தோடு ஆன்மிகத் துன்பத்தையும் கவனிப்பதே ஆதரவுச் சிகிச்சை என்று இடம்பெற்றது.

யார் கேட்பது?

வரையறையில் இருப்பது வார்டுக்குள் வந்துசேர்வது வேறு விஷயம். 2000இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருத்துக்கணிப்பு நடந்தது. வாழ்வின் இறுதியில் எது முக்கியம் என்று ஒன்பது அம்சங்களை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். கடும் நோயாளிகள் வலியில்லாமல் இருப்பதையும் கடவுளோடு சமாதானமாக இருப்பதையும் ஏறக்குறைய ஒரே இடத்தில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்கள். மருத்துவர்களும் வலிக்கு முதலிடம் கொடுத்தார்கள். கடவுளோடு சமாதானம் என்பதை மட்டும் நோயாளிகள் வைத்த உயரத்தில் அவர்கள் வைக்கவில்லை.

2007இல் வந்த இன்னொரு ஆய்வில், முற்றிய புற்றுநோயாளிகள் 230 பேரில் 88 விழுக்காட்டினர் சமயம் தங்களுக்கு ஓரளவேனும் முக்கியம் என்றார்கள். மருத்துவமனை தங்கள் ஆன்மிகத் தேவையைக் கொஞ்சமே கவனித்தது அல்லது கவனிக்கவே இல்லை என்று சொன்னவர்கள் 72 விழுக்காடு.

இதே ஆய்வுக் குழுவைச் சேர்ந்த டிரேசி பல்போனி, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கும் மருத்துவர். அடுத்து வந்த ஆய்வுகளில் அவருடைய குழு, நோயாளிக்கு ஆன்மிக ஆதரவு கிடைத்ததா என்பதோடு நிற்காமல், யாரிடமிருந்து கிடைத்தது என்றும் பார்த்தது. மருத்துவக் குழுவே அந்த ஆதரவைத் தந்தபோது, நோயாளிகள் ஹாஸ்பிஸ் கவனிப்பை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். பக்தி மிகுந்தவர்களிடம் தீவிர சிகிச்சை வெகுவாகக் குறைந்தது. தேவாலயம் போன்ற சமயச் சமூகத்திடமிருந்து பெரும் ஆதரவு பெற்றவர்களைப் பற்றி 2013இல் வெளியான முடிவு எதிர்த்திசையில் இருந்தது. அவர்கள் ஹாஸ்பிஸுக்குச் செல்வது குறைவாகவும், ஐ.சி.யூ.வில் இறப்பது அதிகமாகவும் இருந்தது. அவர்களுக்குள்ளேயே மருத்துவக் குழுவின் ஆன்மிக ஆதரவும் கிடைத்தவர்களிடம் தீவிர சிகிச்சை குறைவாக இருந்தது.

இவை நோயாளிகளைக் கவனித்துப் பார்த்த ஆய்வுகள். இரண்டு விஷயங்கள் சேர்ந்து நிகழ்கின்றன என்று காட்டுபவை. ஒன்றால்தான் மற்றொன்று நிகழ்ந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல இவை போதா. ஆனாலும் சேர்த்துப் படித்தால் ஒரு விளக்கம் தென்படுகிறது. கோயிலிலிருந்தோ சபையிலிருந்தோ வந்து பிரார்த்திப்பவர்களுக்கு நோயாளியின் ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. ஈரலின் நிலை தெரிந்த மருத்துவர் நம்பிக்கையைப் பற்றி வாய் திறப்பதில்லை. நோயாளி இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

இந்த இடைவெளியை நிரப்ப உருவான ஒரு முறைக்கு 'ஆமென்' என்று பெயர். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2014இல் வெளியிட்டது. அதிசயத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்தோடு மருத்துவர் எப்படிப் பேசலாம் என்று அதில் நான்கு படிகள் உண்டு. முதலில் அவர்களுடைய நம்பிக்கையை மதித்து ஏற்பது. பிறகு அவர்கள் நிற்கும் இடத்துக்கே போய் நிற்பது. அதன் பிறகு மருத்துவர் என்ற முறையில் உண்மை நிலையை விளக்குவது. கடைசியாக, எது நடந்தாலும் கைவிடமாட்டோம் என்று உறுதி சொல்வது. நம்மூர் ஐ.சி.யூ. வாசலில் அது இப்படி ஒலிக்கலாம்:

"டாக்டர், நீங்க என்ன வேணா சொல்லுங்க. முருகன் எங்கப்பாவைக் கைவிடமாட்டான். அதிசயம் நடக்கும்."

"உங்க நம்பிக்கை புரியுதுங்க. அவர் எழுந்து உட்காரணும்னுதான் நானும் ஆசைப்படறேன்."

"அப்ப எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்."

"கூடவே, டாக்டரா நான் பார்க்கறதை உங்ககிட்ட சொல்லணும். கிட்னி ரெண்டும் நின்னுபோச்சு. எவ்வளவு மருந்து கொடுத்தும் பிரஷர் ஏறலை. இதுக்கு மேல மெஷின் போட்டா அவருக்கு வேதனைதான் கூடும்னு நினைக்கிறேன். எது நடந்தாலும் நாங்க உங்களோட இருப்போம். அப்பாவை வலியில துடிக்க விடமாட்டோம்."

இந்தப் பேச்சில் மருத்துவர் முருகனோடு வாதாடவில்லை, பொய்யான ஆசையும் காட்டவில்லை. அதிசயம் நிகழ வென்டிலேட்டர் தேவைப்படாது என்ற முடிவுக்குப் பல குடும்பங்கள் தாமாகவே வந்துசேர இப்படிப்பட்ட உரையாடல் இடம் கொடுக்கிறது.

'என்ன பாவம் செஞ்சேனோ'

நம்பிக்கை எப்போதும் ஆறுதலாகவே வருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட், மருத்துவமனையில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ, அவருக்கு என்மேல் அன்பே இல்லையோ, இது சாத்தானின் வேலையோ என்று உழன்றவர்களுக்கு, அந்தக் காலத்துக்குள் இறக்கும் அபாயம் 19 முதல் 28 விழுக்காடு வரை அதிகமாக இருந்தது. உடல்நிலை, மனநிலை ஆகியவற்றின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்தபிறகும் அந்த வேறுபாடு எஞ்சியது.

இந்தியாவில் இந்தத் தவிப்புக்கு வேறு உருவம். பெங்களூரில் ஆதரவுச் சிகிச்சை பெற்ற இந்துப் புற்றுநோயாளிகளோடு விரிவாகப் பேசி 2013இல் வெளியான ஆய்வில் பூஜை தரும் பலன், கடவுள் பக்தி, மறுபிறவி, குடும்பத்தின் எதிர்காலம், கர்மவினை ஆகியவை திரும்பத் திரும்ப வந்தன. அவற்றோடு 'எனக்கு மட்டும் ஏன்?' என்ற கேள்வியும் வந்தது. வினைப்பயன் என்ற எண்ணம் ஒருவருக்கு அமைதி தரும்: வந்தது வந்துவிட்டது, கணக்கு தீர்ந்தது. அதே எண்ணம் இன்னொருவரைக் குற்றவாளியாக்கும். வாய்ப்புற்றோடு படுத்திருக்கும் பெண், வலி தாங்கமுடியாதபோதும் மாத்திரை வேண்டாம் என்கிறாள். அனுபவித்துத் தீர்க்கவேண்டிய பாவத்தை மருந்தால் தள்ளிப்போடக்கூடாது என்பது அவள் கணக்கு. ஏன் மாத்திரை போடவில்லை என்று கேட்டு உட்கார்ந்து பேசாதவரை, அவள் ஒத்துழைக்காத நோயாளி என்று மட்டுமே கேஸ் ஷீட்டில் பதிவாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆன்மிகம் மார்ஃபினின் இடத்தை நிரப்பாது. அன்னை தெரசா 1952இல் கொல்கத்தாவின் காளிகாட்டில் தொடங்கிய இல்லம், தெருவில் கிடந்து சாகவேண்டியவர்களுக்குப் படுக்கையும் பரிவும் தந்தது. 1994இல் அங்கே சென்றுவந்த லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், வலுவான வலிநிவாரணிகள் அங்கே இல்லை என்பதைக் குறையாக எழுதினார். அந்தக் குறைக்கு இன்னொரு பின்னணியும் உண்டு: 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, இந்தியா முழுவதுமே மருத்துவப் பயன்பாட்டுக்கு மார்ஃபின் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. அந்தக் கெடுபிடி சட்டத் திருத்தத்தால் தளர்ந்தது 2014இல்தான். சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். அவரே மார்ஃபின் அளவையும் நேரத்தையும் வகுப்பதில்தான் பல ஆண்டுகள் செலவிட்டார். எலும்பில் பரவிய புற்றின் வலியில் துடிப்பவரால் பிரார்த்திக்கவும் முடியாது, பேரப்பிள்ளையோடு பேசவும் முடியாது.

பிரார்த்தனை நோயைக் குணமாக்குமா என்ற கேள்வியையும் அறிவியல் சோதித்திருக்கிறது. இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான சோதனையில், முன்பின் தெரியாதவர்கள் செய்த பிரார்த்தனையால் எந்த நன்மையும் விளையவில்லை. இறுதிக்கால மருத்துவம் ஆன்மிகத்திடம் எதிர்பார்ப்பது குணத்தை அல்ல என்பதால், இந்த முடிவு அதன் அடிப்படையை அசைக்கவில்லை.

வந்துபோகும் உறவுகள்

'அம்மா வந்து கூப்பிடறா' என்று சாகக்கிடப்பவர் சொன்னால், வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நேரம் நெருங்கிவிட்டது என்று அவர்களுக்குப் புரியும். அதே வார்த்தையை மருத்துவமனையில் சொன்னால் 'மனக்குழப்பம்' என்று எழுதி மயக்க மருந்து போடப்படுவதற்கு வாய்ப்பு அதிகம்.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ ஹாஸ்பிஸில் கிறிஸ்டபர் கெர் என்ற மருத்துவரின் குழு, இதை நோயாளிகளிடமே தினமும் கேட்டுப் பதிவுசெய்தது. 2014இல் வெளியான அந்த ஆய்வில் 59 நோயாளிகளில் 88 விழுக்காட்டினர் குறைந்தது ஒரு முறையாவது இப்படிப்பட்ட கனவோ காட்சியோ கண்டதாகச் சொன்னார்கள். இறப்பு நெருங்க நெருங்க அவை அதிகரித்தன. இறந்துபோன உறவினர்கள் வந்த காட்சிகளே மிகுந்த ஆறுதல் தந்தன. ஜுரவேகத்தில் பிதற்றுபவருக்கு இருக்கும் கலக்கம் இவர்களில் பெரும்பாலோரிடம் இல்லை. நாளும் இடமும் தெரிந்து, கோவையாகவே பேசினார்கள். அந்தக் காட்சிகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஆய்வு விடை தேடவில்லை. நோயாளிக்கு அச்சம் தராத காட்சியை மருந்தால் அடக்கவேண்டிய தேவையில்லை என்பது அதிலிருந்து கிடைக்கும் மருத்துவப் பாடம்.

ஜப்பானியர்களுக்கும் இந்த அனுபவம் பழக்கமானது. அங்கே வீட்டிலேயே இறக்க விரும்புபவர்களைக் கவனித்துவந்த ஒகபே தகேஷி என்ற மருத்துவருக்குப் புற்றுநோய் வந்தது. சாவை நோக்கிப் போகும் பாதையில் மருத்துவத்துக்கு வழிகாட்டத் தெரியவில்லை, இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஜப்பானில் புத்த பிக்கு என்றாலே ஈமச்சடங்கு நினைவுக்கு வரும். அங்கி அணிந்து வார்டுக்குள் நுழைந்தால் நோயாளிக்கு அபசகுனம். 2011 சுனாமிக்குப் பிறகு, 2012இல் தோஹோகு பல்கலைக்கழகம் பிக்குகளுக்கும் ஷின்தோ பூசாரிகளுக்கும் பாதிரியார்களுக்கும் சேர்த்தே பயிற்சி அளிக்கத் தொடங்கியது. மதம் பரப்பக்கூடாது என்பதும், பேசுவதைவிடக் கேட்கவேண்டும் என்பதும் அதன் அடிப்படை விதிகள். அதே ஆண்டில் ஒகபே இறந்தார்.

நம்பாதவருக்கு என்ன?

கடவுளை மறுத்து வாழ்ந்தவரின் கட்டிலருகே ஸ்லோகம் ஒலிப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் வாழ்ந்த வாழ்க்கைக்கு என்ன பொருள், யாருக்கு எதை விட்டுச்செல்கிறேன் என்ற கேள்விகள் அவருக்கும் உண்டு. கனடாவின் வினிபெக் நகர மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் இதற்கென்று 'கண்ணிய சிகிச்சை' என்ற முறையை வகுத்தார். வாழ்க்கையில் பெருமையாக நினைப்பது எது, பிள்ளைகள் எதை நினைவில் வைத்திருக்கவேண்டும் என்பதுபோன்ற கேள்விகளைக் கேட்டு, பதில்களை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கிச் செம்மைப்படுத்தி நோயாளியிடமே திருப்பித் தருவார்கள். அவர் விரும்பியவருக்கு அதைக் கொடுத்துச் செல்லலாம். 2005இல் வெளியான முதல் ஆய்வில் 100 பேரில் 91 பேர் நிறைவு தெரிவித்தார்கள். 2011இல் 441 பேரோடு நடந்த பெரிய சோதனையில் மனச்சோர்வு போன்ற முதன்மை அளவீடுகளில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. வாழ்க்கைத் தரமும் கண்ணிய உணர்வும் மேம்பட்டதாக நோயாளிகள் சொன்னார்கள். பலன் எவ்வளவு என்பது இன்னும் ஆராயப்பட்டுவருகிறது.

இங்கே

நம் மருத்துவமனைகளில் இறப்பவரின் நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் பார்வையாளர் நேரம்தான். வாயில் இரண்டு சொட்டு துளசி தீர்த்தமோ கங்கை நீரோ விட மகள் காத்திருக்கிறாள், உள்ளே விடமாட்டார்கள். காதருகே கலிமா சொல்லவும், கட்டிலை மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பவும் மகன் அனுமதி கேட்கிறார். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. நோயில் பூசுதலுக்குப் பாதிரியாரை அழைத்தால் அம்மா பயந்துவிடுவாரோ என்று குடும்பம் தள்ளிப்போடுகிறது. பிறகு நினைவு தப்பிவிடுகிறது. இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. வார்டில் யாராவது ஒருவர் முன்கூட்டியே கேட்டிருந்தால் போதும்.

கேட்பதற்கு எளிய வழிகள் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புகால்ஸ்கி 1990களில் வகுத்த முறையில் நான்கே கேள்விகள். உங்களுக்குத் தெம்பு தரும் நம்பிக்கை எது? உங்கள் சிகிச்சை முடிவுகளில் அதற்கு எவ்வளவு இடம்? அதைப் பகிர்ந்துகொள்ளும் மனிதர்கள் இருக்கிறார்களா? நாங்கள் அதில் என்ன செய்யவேண்டும்? இன்னும் சுருக்கமாக, 'மனசு நிம்மதியா இருக்கா?' என்ற ஒற்றைக் கேள்வியே ஆன்மிகத் தவிப்பை வெளிக்கொணரப் போதுமானது என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது.

கேரளத்தில் இந்தக் கேள்வியை அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். 1993இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபாலும் தோழர்களும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போகும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. சாவின் மதிப்பைப் பற்றி 2022இல் லான்செட் ஆணையம் தந்த அறிக்கை, சாவை மருத்துவமனையிடமிருந்து சமூகம் திரும்பப் பெறமுடியும் என்பதற்குக் கேரளத்தை எடுத்துக்காட்டாக வைத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை தரச் செவிலியர்கள் போகிறார்கள். 'என்ன பாவம் செஞ்சேனோ' என்ற புலம்பலை முதலில் கேட்கப்போவது அவர்கள்தான். புண்ணுக்கு மருந்து கட்டக் கற்றுக்கொடுப்பதுபோல், அந்தப் புலம்பலுக்கு எப்படிக் காது கொடுப்பது என்பதையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும்.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உயிரை வீணே நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும் என்றது. வென்டிலேட்டர் வேண்டுமா, டயாலிசிஸ் வேண்டுமா என்பவற்றோடு யாரை அழைக்கவேண்டும், எந்தப் பிரார்த்தனை ஒலிக்கவேண்டும், அல்லது எதுவுமே ஒலிக்கக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதிவைக்கலாம். அதற்கு முன்பு பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை பேசிவிடுவது இன்னும் நல்லது. நள்ளிரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டும்போது, அப்பா என்ன விரும்பினார் என்று பிள்ளைகள் அவரிடம் தயங்காமல் சொல்லமுடியும்.